நம் பக்கத்து மனுஷி

எங்கள் வீட்டுக்காரர் கத்தரிக்காய் வாங்கும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காயாக எடுத்துக் காம்பைப் பார்ப்பார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சொத்தை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். அப்புறம் கூடைக்காரியோடு ஐந்து ரூபாய்க்காகப் பத்து நிமிஷம் வழக்காடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர், சென்ற வருஷம் மேற்கு மாம்பலத்தில் 1 கோடியே 5 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃபிளாட் பார்க்கப் போனபோது, தரகர் சொன்னதற்கெல்லாம் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக் கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும், "ஏன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை?" என்றேன்.

"பெரிய விஷயம் இல்லையா? ஏதாவது கேட்டு வைத்தால், நமக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்களுக்குத் தெரிந்து விடுமே!" என்றார்.

நான் மட்டும் என்ன உசத்தி? சமையலறையில் கிழக்கே பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியாகப் பக்கத்து வீட்டு முருங்கை மரம் தெரிந்தது. 34 வருஷம் வாடகை வீடுகளில் குப்பை கொட்டியவள் நான். ஆறு வீடு மாறியதில், ஒரு வீட்டிலாவது சமையலறைக்கு வெளிச்சம் வரும் ஜன்னல் கிடையாது. "ஆஹா! எவ்வளவு நன்றாக இருக்கிறது!" என்று வாய்விட்டே சொல்லி விட்டேன். தரகர் புன்சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

தரகரைக் குறை சொல்ல நான் இதை எழுத உட்காரவில்லை. நல்ல மனுஷர்தான். வெயிலில் எங்களை அழைத்துக் கொண்டு அலைந்தார். இளநீர் வாங்கிக் கொடுத்தார். வியாபாரம் முடிந்தால் எங்களிடம் 2 சதவீதம், கட்டுகிறவரிடம் 2 சதவீதம் என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். எனக்கு அதில் ஒரு தப்பும் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் உழைக்கிறார், இரண்டு பேரிடமும் கூலி வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

அன்றிரவு டாலஸிலிருந்து பெண் பேசினாள். அவளும் மாப்பிள்ளையும் அங்கே புதிதாக ஒரு வீடு வாங்கிக் குடி போயிருந்த சமயம்.

"அம்மா, உங்களுக்கு ஏஜென்ட் யார்?"

"தரகர் இருக்கிறாரே!"

"அவர் பில்டருக்கும்தானே ஏஜென்ட்? உங்களுக்கு யார் என்று கேட்கிறேன்."

அந்த ஊரில் விற்கிறவருக்கு ஒரு ஏஜென்ட், வாங்குகிறவருக்குத் தனியாக ஒரு ஏஜென்ட் என்பது வெகு நாளாகவே இருந்துவரும் வழக்கமாம். புதிதாகக் கட்டி விற்கும் வீடுகளில், மாதிரி வீட்டில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண், கட்டுகிற கம்பெனியின் ஆள். ஆகவே, வாசற்படி மிதிக்கும் முதல் நாளே தன் ஏஜென்டைக் கூட அழைத்துப் போக வேண்டும் என்று சொல்வார்களாம். அவருடைய கூலியை வெகு காலம் விற்கிறவர் பக்கத்திலிருந்தே கொடுத்து வந்தார்கள். கோர்ட்டு வழக்குகளுக்குப் பிறகு 2024 ஆகஸ்டிலிருந்து, வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே, வாங்குகிறவரும் அவருடைய ஏஜென்டும் கூலி இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொள்கிறார்கள்.

"அமெரிக்காவுக்குச் சரி. மாம்பலத்தில் அதற்கு எங்கே போவது?" என்றார் என் கணவர். ஆனால் பெண்ணின் கேள்வி என் மனத்தில் முள் மாதிரி தைத்துக் கொண்டது. உங்களுக்கு யார்?

எங்கள் தெருக் கோடியில் ஓர் அம்மாள் இருக்கிறார். வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் 22 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் 'பாங்க் மாமி'. ஓய்வு பெற்ற பிறகு, வீடு வாங்குகிறவர்களுக்காகக் கூட வந்து பார்த்துச் சொல்லும் வேலையைச் செய்து வருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மறுநாள் காலையில் காபி குடித்த கையோடு அங்கே போய் நின்றேன்.

மாமி முதலில் தம்முடைய நிபந்தனைகளைச் சொன்னார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். கூலி மொத்தம் 40,000 ரூபாய். 10,000 முதலில்; பாக்கி வேலை முடிந்ததும். வீட்டின் விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலி அதேதான். நாங்கள் வீடு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதேதான். விற்கிறவரிடமிருந்தோ கட்டுகிறவரிடமிருந்தோ தரகரிடமிருந்தோ ஒரு காசு கூடத் தாம் வாங்குவதில்லை. பத்திரங்களின் யோக்கியதையை வக்கீல்தான் சொல்ல வேண்டும். அவருக்குத் தனியாகப் பணம். வக்கீலை நாங்களே தேர்ந்தெடுக்கலாம். ரியல் எஸ்டேட் ஏஜென்டாக அரசாங்க ஆணையத்தில் பதிவு செய்து கொண்ட சான்றிதழையும் எடுத்துக் காட்டினார்.

"வாங்காவிட்டாலும் 40,000மா?" என்று என் கணவர் மென்று விழுங்கினார்.

"வாங்கினால்தான் கூலி என்றால், என் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற வார்த்தை எப்படி வரும், சொல்லுங்கள்?" என்றார் மாமி.

எங்கள் வீட்டுக்காரர் அதற்குப் பதில் சொல்லவில்லை. 10,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

மறுநாள் மாமியோடு மாம்பலம் போனோம். மாமி கைப்பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தார். ஒரு முனையை என் கையில் கொடுத்து, சுவரோடு சுவராக ஒவ்வோர் அறையையும் அளந்தார். விளம்பரத்தில் 880 சதுர அடி. அளந்து கூட்டினால் 628. மீதி எங்கே? மாடிப்படி, லிஃப்ட், நடை, வெளிச்சுவர் எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்துத்தான் 880. அது மோசடி இல்லை; ஊர் வழக்கம். ஆனால், சோபாவைப் போடப் போவது 628இல்தானே! எங்கள் பழைய ஊஞ்சலுக்கு அந்தக் கூடத்தில் இடமே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்தது மனைக் கணக்கு. ஃபிளாட் வாங்குகிறவர்களுக்குக் கட்டடத்தோடு, அடியிலிருக்கும் நிலத்திலும் பிரிபடாத ஒரு பங்கு எழுதிக் கொடுப்பார்கள். கட்டடம் வருஷத்துக்கு வருஷம் பழசாகும், நிலம்தான் நிற்கும். அந்த இடம் சரியாக ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. வீடுகள் ஆறும் ஒரே அளவு. சின்னக் குழந்தை கூட 400 என்று சொல்லி விடும். தரகரும் 400 என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் கிரயப் பத்திரத்தின் நகலில் 350 என்று இருந்தது. ஆறு வீட்டுக்கும் சேர்த்து 2,100. பாக்கி 300 சதுர அடி யாருக்கு?

"டைப் அடித்ததில் தப்பு" என்றார் கட்டுகிறவரின் குமாஸ்தா. "பிற்பாடு மொட்டை மாடியில் ஏதாவது கட்டினால் உதவும் என்று வைத்திருக்கிறோம்" என்றார் கட்டுகிறவர். இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே சமயத்தில் பதில் சொன்னதுதான் வேடிக்கை.

இந்த இடத்தில் வாசக சகோதரிகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் வாங்குகிறவர்களுக்கு நிறையப் பாதுகாப்புக் கொடுக்கிறது. பதிவு செய்த திட்டங்களில், வாங்குகிறவர்களிடம் வசூலாகும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும். ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமல் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாமல் இருந்தாலோ, அந்தத் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பழைய தனி வீட்டை இடித்துவிட்டு நாலும் ஆறுமாகக் கட்டுகிற மாம்பலத்து ஃபிளாட்டுகளில் பல இந்த விலக்கில் வந்து விடும். "இதற்கு ரெரா தேவையே இல்லை" என்று தரகர் சொன்னபோது, அது ஏதோ கூடுதல் சௌகரியம் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்! தேவையில்லை என்றால், ஆணையத்தின் பதிவேட்டில் போய்ப் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது, எல்லாவற்றையும் நாமே பார்த்துக் கொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொன்னார் தரகர்: "அம்மா பேரில் பதிவு பண்ணுங்க. லேடீஸுக்கு ஒரு சதவீதம் சலுகை." எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. சலுகை உண்மைதான், 2025 ஏப்ரலில் வந்தது. ஆனால் 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். "மாம்பலத்தில் 10 லட்சத்துக்குக் குளியலறை வேண்டுமானால் கிடைக்கும்" என்றார் மாமி.

இதற்குள் கட்டுகிறவர் அவசரப்படுத்தத் தொடங்கினார். சிங்கப்பூரிலிருந்து ஒரு பார்ட்டி சாயங்காலமே வருகிறதாம். 2 லட்சம் டோக்கன் கொடுத்தால் வீடு எங்களுக்காம். என் கணவர் செக் புத்தகத்தை எடுத்து விட்டார். நான் மாமியின் முகத்தைப் பார்த்தேன்.

"கொடுங்கள். ஆனால் ரசீதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். 'சொத்தின் உரிமை, வாங்குபவரின் வக்கீலுக்குத் திருப்தியாக இல்லாவிட்டால், முழுத் தொகையும் பிடித்தமின்றித் திருப்பித் தரப்படும்' என்று."

கட்டுகிறவர் முகம் சுளித்தார். ஆனால் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரியின் மதிப்பு 2 லட்ச ரூபாய் என்று பிற்பாடு தெரிந்தது.

உரிமைப் பத்திரங்கள் வந்தன. தாய்ப் பத்திரம் 1961ஆம் வருஷத்தது. அந்த வீட்டுப் பெரியவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. வில்லங்கச் சான்றிதழில் கடன் இல்லை, அடமானம் இல்லை. துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. பட்டா, பெரியவரின் இரண்டு பிள்ளைகள் பேரில். அவர்கள் இரண்டு பேரும் கட்டுகிறவருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "எல்லாம் கண்ணாடி மாதிரி கிளியர்" என்றார் தரகர்.

மாமி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பெரியவர் காலமாகி விட்டாரா? வாரிசுச் சான்றிதழ் எங்கே?"

வில்லங்கச் சான்றிதழ் என்பது பதிவு ஆபீஸில் பதிவான பத்திரங்களின் ஜாபிதா, அவ்வளவுதான். விற்றது, அடமானம் வைத்தது, தானம் கொடுத்தது எல்லாம் அதில் வரும். மனிதர் செத்துப் போனது அதில் வராது. அவருக்கு எத்தனை குழந்தைகள் என்பதும் வராது. மாமி இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது, இத்தனை நாள் எதை நம்பிக் கொண்டிருந்தோம் என்று திகைப்பாக இருந்தது.

வாரிசுச் சான்றிதழ் இன்று வரும், நாளை வரும் என்று ஒன்பது நாள் இழுத்தார்கள். கடைசியில் வந்தது. அதில் நாலு பேர்: மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பெண். மனைவியும் பிற்பாடு காலமாகி விட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெண்ணின் கையெழுத்து எந்தப் பத்திரத்திலும் இல்லை.

கட்டுகிறவரின் ஆபீஸில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். தரகர்தான் முதலில் பேசினார்.

"அந்தம்மா நாக்பூர்ல இருக்காங்க மாமி. கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆச்சு. நகை, சீர் எல்லாம் குறைவில்லாம செஞ்சாச்சு. அவங்க எங்கே வந்து கேட்கப் போறாங்க?"

"கேட்க மாட்டார் என்றால், ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?" என்றார் மாமி.

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கட்டுகிறவர், "உங்களுக்காக 5 லட்சம் குறைத்துக் கொள்கிறேன். இந்த வாரமே பதிவு வைத்துக் கொள்ளலாம்" என்றார்.

உயில் எழுதாமல் காலமான இந்துத் தகப்பனாரின் சொந்தச் சம்பாத்தியத்தில், 1956ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படியே பெண்ணுக்கும் பிள்ளைக்கும் சமப் பங்கு. இது ஒன்றும் நேற்று வந்த சட்டம் இல்லை. கல்யாணத்தில் எத்தனை பவுன் போட்டார்கள் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. மூன்றில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரி கையெழுத்துப் போடாத நிலத்தில், எங்களுக்கு எழுதித் தரும் பங்கு என்ன பெறும்? அந்த அம்மாள் நாளைக்கு வந்து கேட்கலாம்; அவருடைய பிள்ளைகள் பத்து வருஷம் கழித்து வந்து கேட்கலாம். எங்கள் வக்கீலும் இதையேதான் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குள் பெரிய சண்டை. என் கணவருக்கு அந்த 5 லட்சம் கண்ணை மறைத்தது. "எல்லா வங்கியும் கடன் கொடுக்கிறதே, வங்கி வக்கீல் பார்க்க மாட்டாரா?" என்றார். மாமியையே கூப்பிட்டுக் கேட்டேன்.

"வங்கி வக்கீல் வங்கிக்கு வக்கீல். ஒரு நாள் வீட்டுக்குத் தகராறு வந்தாலும், வங்கி தன் தவணையை விடாமல் உங்கள் பிள்ளையிடம் கேட்கும். நான் அந்த நாற்காலியில் 22 வருஷம் உட்கார்ந்திருந்தவள். 5 லட்சம் குறைக்கிறார் என்று சந்தோஷப்படாதீர்கள். 5 லட்சம் கொடுத்து ஒரு வழக்கை உங்கள் தலையில் கட்டுகிறார்" என்றார் மாமி. "ஆனால் பணம் உங்களுடையது. முடிவும் உங்களுடையதுதான்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வழக்குப் பயம் மட்டும் காரணம் இல்லை.

1998இல் என் தகப்பனார் காலமான மூன்றாம் மாதம், அண்ணாவும் தம்பியும் என்னை மன்னார்குடிக்கு வரச் சொல்லி எழுதினார்கள். பதிவு ஆபீஸ் வாசலில் ஒரு வேப்ப மரத்தடியில் பெஞ்சியில் உட்கார வைத்தார்கள். பத்திரம் எழுதுகிறவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டக் காட்ட, நான் கையெழுத்துப் போட்டுக் கொண்டே போனேன். படித்துப் பார்க்கவில்லை. யாரும் படித்துக் காட்டவும் இல்லை. அது விடுதலைப் பத்திரம் என்று பெயர் மட்டும் தெரியும். சாயங்காலம் மன்னி ஒரு பட்டுப் புடவையும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தாள். நல்ல புடவைதான், அரக்குச் சிவப்பு. கேட்டிருந்தாலும் நான் பங்கு வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பேன் என்று இந்த இருபத்தேழு வருஷமும் எனக்கு நானே சொல்லிக் கொண்டிருக்கிறேன். ஆனால் யாரும் கேட்கவில்லை.

நாக்பூர் அம்மாளை நான் பார்த்தது கிடையாது. அவரிடம் பெஞ்சியில் உட்காரக் கூடச் சொல்லவில்லை. அந்தக் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே நின்று நான் எப்படிச் சமைப்பேன்?

காலையில், "வேண்டாம்" என்றேன். என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "எனக்கும் இரண்டு நாளாக அப்படித்தான் தோன்றுகிறது" என்றார். முந்தின நாள் ராத்திரி பத்து மணி வரை அவருக்கு அப்படித் தோன்றவில்லை. போகட்டும்.

2 லட்சம் திரும்பி வர ஆறு வாரம் ஆயிற்று. இரண்டு செக்குகளாக வந்தது. ரசீதில் அந்த வரி இல்லாவிட்டால், பணம் கட்டுகிறவரின் மனச்சாட்சியைப் பொறுத்ததாக இருந்திருக்கும்.

மறுபடியும் வீடு தேட ஆரம்பித்தோம். இந்தத் தடவை மாமி எனக்கு ஒரு கட்டளை போட்டார்: வீட்டைப் பார்க்கும்போது 'ஆஹா' என்று சொல்லக் கூடாது. ஓர் ஆஹாவுக்கு ஒரு லட்சம். பிடித்திருந்தால் சேலைத் தலைப்பைச் சரி செய்து கொள்ள வேண்டும். அவருக்குப் புரிந்து விடும்.

வேளச்சேரிப் பக்கம் ஒரு வீடு. புதுப் பெயின்ட், பளபளவென்று தரை. நான் தலைப்பை இரண்டு தடவை சரி செய்து விட்டேன். மாமி வீட்டுக்குள் ஐந்து நிமிஷம்தான் இருந்தார். நேரே தெருமுனைக்குப் போய், இஸ்திரி போடுகிறவரின் வண்டிக்கருகில் நின்று பேச்சுக் கொடுத்தார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார், வியாபாரம் எப்படி, 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது? அவர் தம் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது? "அதேதாம்மா, ஒரு சாண் குறைச்சல். மூணு நாள் கரண்டு இல்லே" என்றார். விற்கிறவரும் தரகரும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. நாங்களும் கேட்கவில்லை, வெயில் காலத்தில் யாருக்கு வெள்ளம் ஞாபகம் வரும்?

திரும்புமுன் மாமி அந்த வீட்டுக் குழாயிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்துக் கொண்டார். "ஒன்று பரிசோதனைச் சாலைக்கு. ஒன்று உங்களுக்கு. இதில் துவரம் பருப்பை வேக வைத்துப் பாருங்கள்" என்றார். குக்கரில் ஆறு விசில் விட்டேன். பருப்பு சோழி மாதிரி கலகலவென்று கிடந்தது. பரிசோதனைச் சாலையின் காகிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தீர்ப்புக் கிடைத்து விட்டது!

இப்படி ஏழு வீடுகள் தள்ளினோம். ஐந்து மாதம் போயிற்று. அந்த ஐந்து மாத வாடகையும் நஷ்டக் கணக்கில் சேர்த்தி என்பதை மறைக்கக் கூடாது. நடுவில் எனக்கே மாமி மேல் சலிப்பு வந்தது. எதைப் பார்த்தாலும் நொட்டை சொல்கிறாரே, இந்த ஜன்மத்தில் வீடு வாங்க விடுவாரா என்று இருந்தது.

கடைசியில் குரோம்பேட்டையில், எட்டு வருஷம் பழசான ஒரு ஃபிளாட்டைப் பார்த்தோம். இரண்டாவது மாடி. சமையலறை ஜன்னல் வடக்கே பார்த்தது. முருங்கை மரம் இல்லை. ஒரு பாதாம் மரம் உண்டு. மாமி காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், நல்ல மழையில் ஒரு தரம் என்று மூன்று தடவை எங்களை அழைத்துப் போனார். மழையில் போனபோதுதான் படுக்கையறைக் கூரை மூலையில் ஈரம் தெரிந்தது. 72 லட்சம் கேட்டார்கள். மாமி மொட்டை மாடிக்கு ஒரு கொத்தனாரை அழைத்துப் போய், தட்டோட்டை எடுத்துவிட்டுப் போட எவ்வளவு ஆகும் என்று காகிதத்தில் எழுதி வாங்கினார். அதே கட்டடத்தில் அதற்கு முந்தின வருஷம் விற்ற இன்னொரு ஃபிளாட்டின் விலையையும் விசாரித்து வைத்துக் கொண்டார். இரண்டு காகிதத்தையும் மேஜை மேல் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்து விட்டார். எங்கள் வீட்டுக்காரரை அந்தச் சமயம் கீழே போய்க் காரைப் பார்த்துக் கொள்ளச் சொல்லியிருந்தார்! 68 லட்சத்தில் முடிந்தது.

அதற்கு மேலும் செலவு உண்டு என்று முதல் நாளே கணக்குப் போட்டுக் கொடுத்திருந்ததால், கடைசி நேரத்தில் நாங்கள் திண்டாடவில்லை. ஒருவர் கையிலிருந்து மறு கிரயத்துக்கு வாங்கும் வீடாகையால், முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 6 லட்சத்துப் பன்னிரண்டாயிரம். விலை 50 லட்சத்தைத் தாண்டியதால், விற்கிறவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரிக்கு நாங்களே கட்டவும் வேண்டும். அதை மறந்தால் நோட்டீஸ் வாங்குகிறவருக்குத்தான் வரும். விற்கிறவருக்கு வங்கிக் கடன் பாக்கி இருந்தது; மூலப் பத்திரம் வங்கியில். எங்கள் பணம் அவர் கைக்குப் போகாமல் நேரே கடன் கணக்குக்குப் போய், பத்திரத்தை வாங்கிக் கொண்டு பதிவுக்குப் போகும்படி மாமி ஏற்பாடு செய்தார்.

இப்படி ஒருவர் கிடைப்பது நம் ஊரில் சுலபம் இல்லை. 'கன்சல்டன்ட்' என்று பலகை மாட்டிக் கொண்டு, நம்மிடமும் வாங்கிக் கட்டுகிறவரிடமும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். "வேறு யாரிடமாவது வாங்குவீர்களா?" என்று நேருக்கு நேர் கேளுங்கள். இல்லை என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மாமியை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் காகிதத்தை அவரே முதலில் நீட்டினார்.

மாமி சர்வக்ஞர் என்றும் சொல்ல மாட்டேன். காலை, மாலை, மழை என்று பார்த்தவர், ராத்திரி இரண்டு மணிக்கு வந்து பார்க்கவில்லை. வெளிநாட்டு விமானங்கள் ஒவ்வொன்றாகப் புறப்படுகிற நேரம் அது. குடி வந்த முதல் வாரம், விமானம் ஒவ்வொன்றும் எங்கள் கொசுவலைக்குள் புகுந்து போகிற மாதிரியே இருந்தது. இப்போது பழகி விட்டது. எங்கள் வீட்டுக்காரர், "இது துபாய், இது சிங்கப்பூர்" என்று தூக்கத்திலேயே சொல்கிறார். சரியா தப்பா என்று யாருக்குத் தெரியும்?

பால் காய்ச்சின அன்று மாமியைச் சாப்பிட அழைத்திருந்தோம். பாக்கி 30,000 ரூபாயைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தார். சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே, "உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும்" என்று இடது கையால் செல்போனை எடுத்து நீட்டினார். மாம்பலத்து மனையின் வில்லங்கச் சான்றிதழ். எனக்காகவே மறுபடியும் எடுத்துப் பார்த்திருக்கிறார். அடியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. விடுதலைப் பத்திரம். எழுதிக் கொடுத்தவர் ஒரு பெண்; எழுதி வாங்கியவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர்.

"சும்மா எழுதிக் கொடுத்தாளா?" என்றேன். எனக்குத் தொண்டை அடைத்துக் கொண்டது.

"இல்லை. பக்கத்திலேயே தொகை போட்டிருக்கிறது, பாருங்கள்."

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக் கொண்டு பார்த்தேன். எத்தனை பட்டுப் புடவை என்று மனத்துக்குள் வகுத்துப் பார்க்க முயன்றேன்; கணக்கு ஓடவில்லை. மாமியின் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டேன்.